உலகப் பட்டம் என்று பெயர், ஊர் கரோலினா

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது மேடை ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடும் என்று தெரிந்த பிறகும், எந்தப் பட்டம் யாரிடம் எப்போது இருந்தது என்ற பட்டியல்களை உட்கார்ந்து படிப்பதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. முடிவு முன்பே தீர்மானிக்கப்படுவதால்தான் படிக்கிறேன் என்பதே என் பதில். ஓட்டப்பந்தயத்தில் வென்றவரின் பெயர், அன்று அவர் மற்றவர்களைவிட வேகமாக ஓடினார் என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. மல்யுத்தப் பட்டத்திலோ ஒவ்வொரு கைமாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு முதலாளியின் தீர்மானம் இருக்கிறது. யாரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும், யார் நிறுவனத்தை விட்டுப் போகிறார், யாருக்கு முதுகு ஒடிந்திருக்கிறது, எந்த ஊரில் டிக்கெட் விற்காமல் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தத் தீர்மானத்துக்குள் அடக்கம். பழைய மளிகைக் கடையின் வரவுசெலவுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் பட்டப் பட்டியலைப் புரட்டினால், ஒரு தொழிலின் முழுக்கதையும் வரிகளுக்கிடையில் கிடைத்துவிடும். அப்படி நான் திரும்பத் திரும்பப் புரட்டும் பட்டியல், அமெரிக்காவின் மிட்-அட்லாண்டிக் வட்டாரத்தில் 1975 முதல் புழங்கிய என்.டபிள்யூ.ஏ. உலக டேக் டீம் பட்டத்தினுடையது.

'உலக' என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. 1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் சில மல்யுத்த முதலாளிகள் கூடி, நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் (என்.டபிள்யூ.ஏ.) என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஒருவர் பகுதிக்குள் இன்னொருவர் நுழைவதில்லை, அனைவருக்கும் பொதுவாக ஒரே ஓர் உலக சாம்பியன் இருப்பார், அவர் ஊர் ஊராகச் சுற்றி வந்து எல்லோருக்கும் வசூல் தேடித் தருவார் என்பது அவர்களுடைய ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு ஒற்றையர் பட்டத்துக்கு மட்டுமே இருந்தது. இருவர் இருவராக மோதும் டேக் டீம் ஆட்டத்துக்குப் பொதுவான பட்டம் எதையும் கூட்டமைப்பு அன்று வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்தந்த வட்டார முதலாளிகள் தத்தமக்கு ஓர் உலக டேக் டீம் பட்டத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒன்று, சிகாகோவுக்கு ஒன்று, டெக்சாஸுக்கு ஒன்று என்று 1950களில் ஒரே பெயரில் பல பட்டங்கள் ஒரே சமயத்தில் உலவின. மல்யுத்தம் பெரும்பாலும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களிலேயே காட்டப்பட்ட காலமாதலால், ஓர் ஊர்க்காரருக்கு அடுத்த வட்டாரத்தின் உலக சாம்பியன்களைப் பற்றித் தெரிய வாய்ப்பு குறைவு. ஒரு சில வாரப் பத்திரிகைகளின் வாசகர்கள்தான் சிரித்திருப்பார்கள்.

மிட்-அட்லாண்டிக் என்பது வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த வட்டாரம். சார்லட் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஜிம் கிராக்கெட் என்ற முதலாளி 1930கள் முதல் அதை நடத்தி வந்தார். 1973இல் அவர் இறந்ததும் பொறுப்பு குடும்பத்தின் இளையவர்களிடம் வந்து, கடைசியில் அவருடைய பெயரையே கொண்ட மகன் ஜிம் கிராக்கெட் ஜூனியரிடம் நிலைத்தது. தந்தையின் காலத்தில் அது டேக் டீம்களின் நாடாகவே இருந்தது. 1960களில் ஜார்ஜ் பெக்கரும் ஜானி வீவரும் அங்கே வீட்டுப் பிள்ளைகளைப் போல் கொண்டாடப்பட்டார்கள். ரிப் ஹாக்கும் ஸ்வீட் ஹேன்சனும் ஊரே வெறுக்கும் வில்லன்களாக வலம் வந்தார்கள். ஆட்டங்களையும் கதைகளையும் அமைப்பவரைத் தொழிலில் 'புக்கர்' என்பார்கள். அந்தப் பொறுப்புக்கு மகனின் காலத்தில் வந்த ஜார்ஜ் ஸ்காட், தம்பி சாண்டியோடு இணைந்து பல ஆண்டுகள் டேக் டீம் ஆடியவர்தான் என்றாலும், ஒற்றையர் ஆட்டங்களை முன்னுக்குக் கொண்டுவர விரும்பி ஜானி வாலன்டைன், வாஹூ மெக்டேனியல் போன்ற பெரிய பெயர்களை வரவழைத்தார். ஆயினும் டேக் டீம் பார்த்து வளர்ந்த மக்களிடமிருந்து அதைப் பிடுங்கிவிட முடியாது. 1975 ஜனவரியில் இந்த வட்டாரத்துக்கென்று ஓர் உலக டேக் டீம் பட்டம் தோன்றியதை, பழைய பழக்கத்துக்குச் செய்த மரியாதையாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சாம்பியன்கள் ஜீன் ஆண்டர்சனும் ஓல் ஆண்டர்சனும். மினசோட்டா ரெக்கிங் க்ரூ என்ற பெயரில், சகோதரர்கள் என்ற அறிமுகத்தோடு அவர்கள் ஆடினார்கள். இருவரில் உண்மையான ஆண்டர்சன் ஜீன் மட்டுமே. ஓலின் இயற்பெயர் ஆலன் ரொகாவ்ஸ்கி. அவர்களுடைய ஆட்டத்தில் பறப்பதும் பாய்வதும் கிடையாது. எதிராளி ஒருவரின் கையைப் பிடிப்பார்கள். பிறகு அந்த ஒரு கையை மட்டும், மாறி மாறி உள்ளே வந்து, முறுக்குவார்கள், முழங்காலால் அழுத்துவார்கள், தங்கள் மூலைக்கு இழுத்துச் சென்று மறுபடியும் முறுக்குவார்கள். இன்றைய வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் சில நிமிடங்கள் இழுவையாகத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், டேக் டீம் ஆட்டத்தின் இலக்கணம் முழுவதும் அதில் இருப்பது தெரியும்.

அந்த இலக்கணம் எளியது. உள்ளே ஒருவர்தான் ஆடலாம். கூட்டாளி கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். கையைத் தட்டினால்தான் ஆள் மாறலாம். இந்த விதியை நல்லவர்கள் மதிப்பார்கள், வில்லன்கள் நடுவரின் முதுகுக்குப் பின்னால் மீறுவார்கள். அடிபட்டுக் கிடக்கும் நல்லவர் தன் மூலையை நோக்கித் தவழ்ந்து வருவார். விரல் நுனி தொடும் தூரத்தில் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருமுறை உண்மையிலேயே கைதட்டி மாறிவிடுவார், அப்போது பார்த்து நடுவர் அதைக் கவனித்திருக்க மாட்டார், வெளியே போ என்று கூட்டாளியை விரட்டுவார். அரங்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், அதிகாரம் உள்ளவருக்கு மட்டும் தெரியவில்லை. இந்த அநியாயம் பதினைந்து நிமிடம் நீண்ட பிறகு கடைசியில் கை கையைத் தொடும்போது எழும் கூச்சலை, ஒற்றையர் ஆட்டத்தில் எந்த உத்தியாலும் வரவழைக்க முடியாது என்றே நினைக்கிறேன். வாரந்தோறும் அதே மண்டபத்துக்கு அதே மக்கள் டிக்கெட் வாங்கி வர வேண்டிய ஒரு வட்டாரத் தொழிலுக்கு இது எவ்வளவு பொருத்தமான கருவி என்பதைச் சொல்லவே வேண்டாம். மக்கள் அதை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு ஓல் ஆண்டர்சனின் உடம்பே சான்று: 1976இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் ஒரு முதிய ரசிகர் அவரைக் கத்தியால் குத்திவிட்டார்.

பட்டம் தோன்றிய அதே ஆண்டு, அக்டோபர் 4ஆம் தேதி, வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே மல்யுத்த வீரர்கள் வந்த சிறிய விமானம் ஒன்று விழுந்தது. ஜானி வாலன்டைன் பிறகு மல்யுத்த மேடை ஏறவே இல்லை. முதுகெலும்பு முறிந்த இளைஞர் ரிக் ஃப்ளேர், மருத்துவர்களின் எச்சரிக்கையை மீறி அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். 1976 டிசம்பர் 26 அன்று கிரீன்ஸ்பரோ கொலிசியத்தில் ஆண்டர்சன்களைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்தவர்கள் ரிக் ஃப்ளேரும், அந்த ஜானி வாலன்டைனின் மகன் கிரெக் வாலன்டைனும். பட்டியலில் ஒரு தேதியும் நான்கு பெயர்களும் மட்டுமே உள்ளன. விபத்துக்குப் பிறகு ஆட்டம் இழந்து நின்ற ஒரு வட்டாரம், அடுத்த தலைமுறையை முன்னால் நிறுத்திக்கொண்டது என்பதை அந்த ஒற்றை வரியில் நான் வாசிக்கிறேன். ஃப்ளேர் கரோலினாவுக்கு வந்தபோது ஆண்டர்சன்களின் உறவுக்காரராகத்தான் அறிமுகமானார் என்பதால், கதைக்குள்ளேயும் அது குடும்பச் சண்டை.

அதன் பிறகான சில ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். பட்டம் பல கைகளுக்குப் போனது: பால் ஜோன்ஸ், பேரன் ஃபான் ராஷ்கே, ஜிம்மி ஸ்நூக்கா, ரே ஸ்டீவன்ஸ், முகமூடி அணிந்த மாஸ்க்ட் சூப்பர்ஸ்டார் என்று நல்ல பெயர்கள்தான். ஆனால் என் பார்வையில் இந்த இடைக்காலத்தின் முக்கியமான பெயர்கள் ரிக்கி ஸ்டீம்போட், ஜே யங்பிளட் இரண்டும்தான். ஒருவர் ஹவாய்க்காரராகவும் மற்றவர் செவ்விந்தியராகவும் மேடை ஏறினார்கள். யங்பிளட் உண்மையில் ரிக்கி ரொமேரோ என்ற மெக்சிக வம்சாவளி மல்யுத்த வீரரின் மகன். தலையில் இறகு, கையில் கோடரி என்ற அந்த வேடத்தை இன்று பார்த்தால் கூச்சமாக இருக்கிறது; அன்றைய தொழிலில் அப்படித்தான் ஆட்களுக்கு அடையாளம் ஒட்டினார்கள். வேடத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தால், அடிபடுவதில் ஸ்டீம்போட்டுக்கு இணையானவர் அந்தத் தலைமுறையில் அரிது. அவர் வலியில் முகம் சுருக்கும்போது மண்டபமே சுருங்கும்.

இவர்களுக்கு எதிராக 1982இல் சார்ஜென்ட் ஸ்லாட்டரும் டான் கெர்னோடிலும் வந்தார்கள். நம்மில் பலருக்கு ஸ்லாட்டரை வளைகுடாப் போர்க்காலத்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். துரோகியாகத்தான் தெரியும், கரோலினாவில் அவர் பயிற்சி முகாம் நடத்தும் கொடூரமான படைத் தலைவராக இருந்தார். கெர்னோடிலோ வட கரோலினாவையே சேர்ந்தவர். சொந்த மாநிலத்துப் பிள்ளை கெட்டவரிடம் சேர்ந்துகொண்டது ரசிகர்களுக்கு மேலும் எரிச்சலூட்டியது. மாதக்கணக்கில் வளர்த்த பகை, 1983 மார்ச் 12 அன்று கிரீன்ஸ்பரோவில் இரும்புக் கூண்டுக்குள் முடிந்தது. ஸ்டீம்போட்டும் யங்பிளட்டும் தோற்றால் இனி ஒருபோதும் சேர்ந்து ஆடக் கூடாது என்பது நிபந்தனை. அன்று அரங்கம் நிரம்பி, உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நகருக்குள் வரும் சாலைகளில் வாகனங்கள் நின்றுபோயின. ஸ்டீம்போட்டும் யங்பிளட்டும் வென்றார்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கூட்டம்தான் கிராக்கெட் ஜூனியரை யோசிக்க வைத்தது. டிக்கெட் கிடைக்காமல் போனவர்களுக்கு வேறு ஊர்களில், வேறு மண்டபங்களில், பெரிய திரையில் அதே ஆட்டத்தைக் காட்டிக் காசு வாங்க முடியாதா? அவ்வாண்டு நவம்பர் 24 அன்று, நன்றி தெரிவிக்கும் திருநாளின் இரவில், ஸ்டார்கேட் என்ற பெயரில் அதைச் செய்து பார்த்தார். கிரீன்ஸ்பரோவில் 15,447 பேர் நேரில் பார்க்க, வட்டாரம் முழுவதும் மண்டபங்களில் நேரடி ஒளிபரப்பு ஓடியது. ஃப்ளேர் ஹார்லி ரேஸை வீழ்த்தி உலக சாம்பியனான இரவு என்றுதான் வரலாறு அதை நினைவில் வைத்திருக்கிறது. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் பெயர்பெற்ற பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவுக்கு ஓராண்டுக்கு மேல் முந்திய இந்த நிகழ்ச்சிக்கு வித்திட்டது ஒரு வட்டார டேக் டீம் பட்டத்தின் கூண்டு ஆட்டம் என்பதை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

அந்த இரவில் ஸ்டீம்போட்டும் யங்பிளட்டும் ஜாக் பிரிஸ்கோ, ஜெர்ரி பிரிஸ்கோ சகோதரர்களிடமிருந்து பட்டத்தை மீட்டார்கள். தோற்றவர்களின் கதை அதற்குப் பிறகுதான் சுவாரசியமாகிறது. பிரிஸ்கோ சகோதரர்கள் ஜார்ஜியா வட்டாரத்து நிறுவனத்தில் பங்குதாரர்கள். 1984இல் அவர்களும் வேறு சிலரும் தங்கள் பங்குகளை டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மெக்மேனுக்கு விற்றுவிட, நாடு முழுவதும் தெரிந்த டி.பி.எஸ். அலைவரிசையின் சனிக்கிழமை மல்யுத்த நேரம் ஜூலை 14 அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். கைக்குப் போனது. அந்த விற்பனையை எதிர்த்து நின்ற பங்குதாரர் வேறு யாருமில்லை, நமது பட்டத்தின் முதல் சாம்பியன் ஓல் ஆண்டர்சன்தான். தெற்கத்தி ரசிகர்கள் மெக்மேனின் நிகழ்ச்சியை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த நேரத்தை அவர் பத்து லட்சம் டாலருக்கு கிராக்கெட்டிடம் விற்றுவிட்டு விலகினார். இப்படியாக 1985இல், மூன்று மாநிலங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பட்டம் முதன்முறையாக அமெரிக்கா முழுவதும் தெரிந்தது. யங்பிளட் அதைப் பார்க்க அதிக நாள் இருக்கவில்லை. 1985 செப்டம்பரில், முப்பது வயதில், ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் சென்ற இடத்தில் இறந்துபோனார்.

பட்டத்தின் பொற்காலம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் 1985க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளைத்தான் சொல்வார்கள். கியூபெக்கில் பிறந்த கனடாக்காரர் ஐவன் கோலோஃப் என்ற ரஷ்யராகவும், மினசோட்டாக்காரரான பேரி டார்சோ க்ரஷர் குருஷ்சேவ் என்ற பெயரிலும் பனிப்போர் அச்சத்தைக் காசாக்கிக்கொண்டிருந்தார்கள். 1985 ஜூலை 9 அன்று வட கரோலினாவின் ஷெல்பி என்ற சிற்றூரில் நடந்த தொலைக்காட்சிப் பதிவில் அவர்களை வீழ்த்தினார்கள் ரிக்கி மார்ட்டனும் ராபர்ட் கிப்சனும் அடங்கிய ராக் 'ன்' ரோல் எக்ஸ்பிரஸ். இருவரும் உருவத்தில் சிறியவர்கள், கைக்குட்டைகளைக் கட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், இளம்பெண்கள் கத்துவார்கள். பெரிய உடம்பே மல்யுத்தம் என்று மெக்மேன் நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அடிவாங்கித் தவழும் சிறிய ஆளுக்காக அரங்கம் எழுந்து நிற்கும் என்று நிரூபித்தவர் மார்ட்டன். அவர்களுக்கு எதிராக பாபி ஈட்டன், டென்னிஸ் காண்ட்ரி என்ற மிட்நைட் எக்ஸ்பிரஸும், டென்னிஸ் மட்டையோடு வாய் ஓயாமல் கத்தும் மேலாளர் ஜிம் கார்னெட்டும். 1986 பிப்ரவரியில் பட்டம் அவர்களிடம் போய், ஆகஸ்டில் திரும்பி வந்தது.

சிறுவயதில் கேபிள் டி.வி. பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு டேக் டீம் என்றால் டிமாலிஷனும் லீஜன் ஆஃப் டூமும்தான். பள்ளி இடைவேளைகளில் நாங்கள் ஆடிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுகளில் ஒவ்வொருவரின் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றோடு ஆடிய போட்டிகள், வென்ற போட்டிகள் என்ற எண்களும் அச்சாகியிருக்கும். அவற்றை நாங்கள் வேதவாக்காக நம்பிச் சண்டையிட்டோம். கரோலினாப் பட்டியலை முதன்முதலில் நிதானமாகப் படித்தபோதுதான், வண்ணம் பூசிய முகங்களோடு வந்த டிமாலிஷன் இருவரில் ஒருவர் க்ரஷர் குருஷ்சேவ், மற்றவர் மாஸ்க்ட் சூப்பர்ஸ்டார் என்பது பிடிபட்டது. 1989இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டேக் டீம் பட்டத்தை அவர்களிடமிருந்து பறித்தவர்கள் ஆர்ன் ஆண்டர்சனும் டல்லி பிளான்ச்சர்டும். அந்த நால்வருமே கரோலினாப் பட்டத்தை அதற்கு முன்பு சுமந்தவர்கள். மெக்மேன் உலகத்துக்குக் காட்டிய டேக் டீம் ஆட்டத்தில் பாதி, கிராக்கெட் வீட்டுப் பிள்ளைகளால் ஆனது.

அந்தப் போக்குவரத்தின் தடயம் பட்டியலிலேயே இருக்கிறது. 1987இல் மேனி ஃபெர்னாண்டஸோடு சாம்பியனாக இருந்த ரிக் ரூட், பட்டத்தை இழக்காமலேயே டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்குப் போய்விட்டார். ஆளில்லாமல் பட்டத்தை எப்படி மாற்றுவது? முன்பு பட்டத்துக்காக அல்லாமல் நடந்த ஓர் ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் தேடியெடுத்து, அதில் ராக் 'ன்' ரோல் எக்ஸ்பிரஸ் வென்றதையே பட்ட மாற்றமாக ஒளிபரப்பினார்கள். நடக்காத மாற்றம் ஒன்று தேதியோடும் எண்ணோடும் வரலாற்றில் உட்கார்ந்திருக்கிறது. எல்லா முடிவுகளும் எழுதப்பட்டவையே என்னும் தொழிலில் இது மட்டும் ஏன் பொய்யாகக் கருதப்பட வேண்டும் என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்கும், ஆனால் முடிவுக்கு வர விருப்பமில்லை. அடுத்த ஆண்டு அதே சிக்கல் வரவிருந்தபோது முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள்: ஆர்ன் ஆண்டர்சனும் பிளான்ச்சர்டும் கிளம்புமுன், 1988 செப்டம்பர் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் மிட்நைட் எக்ஸ்பிரஸிடம் பட்டத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

பட்ட மாற்றங்கள் நடக்கும் ஊர்களைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். ஆரம்பத்தில் கிரீன்ஸ்பரோவும் அதைச் சுற்றிய ஊர்களும். பிறகு அட்லாண்டா, ஃபிலடெல்ஃபியா, ஜாக்சன்வில், நியூ ஆர்லியன்ஸ். நிறுவனம் வளர்ந்ததன் அடையாளம் அது. நிறுவனம் தேய்ந்ததற்கும் அதுவே காரணம் என்பேன். மெக்மேனோடு நாடு தழுவிப் போட்டியிட, கிராக்கெட் 1987இல் பில் வாட்ஸின் யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தை விலைக்கு வாங்கினார், டல்லாஸில் அலுவலகம் திறந்தார், விமானம் வைத்துக்கொண்டார். வாராவாரம் வந்த கரோலினா ரசிகர் தன் ஊர் மண்டபத்தில் முன்போல் நட்சத்திரங்களைக் காண முடியவில்லை. தொலைதூர நகரங்களின் ரசிகரோ இவர்களுக்காக அந்த அளவு உருகவில்லை. 1988 அக்டோபர் 29 அன்று நியூ ஆர்லியன்ஸில் ரோட் வாரியர்ஸ், அதாவது நம்முடைய லீஜன் ஆஃப் டூம், மிட்நைட் எக்ஸ்பிரஸை நொறுக்கிப் பட்டத்தை எடுத்த சில நாட்களில், நவம்பரில், கடன் முற்றிய குடும்ப நிறுவனம் டி.பி.எஸ். அலைவரிசையின் உரிமையாளர் டெட் டர்னரிடம் விற்கப்பட்டது.

டர்னரின் கீழ் அது டபிள்யூ.சி.டபிள்யூ. ஆனது, 1991இல் பட்டத்துக்கும் அந்தப் பெயரே சூட்டப்பட்டது. ஸ்டெய்னர் சகோதரர்கள், ஹார்லெம் ஹீட் போன்ற நல்ல அணிகள் அதைச் சுமந்தன. ஆனாலும் எனக்கு அந்தப் பத்தாண்டுப் பட்டியலைப் படிக்கப் பொறுமை இருப்பதில்லை. கைமாற்றங்கள் பெருகிவிட்டன, ஒரு மாற்றத்துக்குக் காத்திருக்கும் அவகாசம் பார்வையாளருக்குத் தரப்படவில்லை. 2001 மார்ச்சில் அந்த நிறுவனத்தையும் மெக்மேன் வாங்கினார்.

இரு நிறுவனங்களின் டேக் டீம் பட்டங்களையும் ஒன்றாக்கும் ஆட்டம் 2001 நவம்பர் 18 அன்று சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில், இரும்புக் கூண்டுக்குள், கிரீன்ஸ்பரோ கொலிசியத்திலேயே நடந்தது. ஒருபுறம் கரோலினா மரபுப் பட்டத்தோடு பப்பா ரே, டி-வான் என்ற டட்லி பாய்ஸ், மறுபுறம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பட்டத்தோடு ஹார்டி பாய்ஸ், வட கரோலினாவின் கேமரன் என்ற ஊரில் வளர்ந்த உண்மையான அண்ணன் தம்பி. மேட் ஹார்டி கூண்டை விட்டு வெளியேறிய பிறகு ஜெஃப்பும் ஏறி இறங்கியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். அவர் கூண்டின் உச்சியிலிருந்து, கீழே மேசையில் கிடந்த டி-வான் மீது பாய்ந்தார். டி-வான் விலகிவிட, மேசைதான் உடைந்தது. பப்பா ரே அவரை அழுத்தி வென்றார். அதற்குப் பிறகு மெக்மேன் தன் நிறுவனப் பட்டத்தின் வரிசையை மட்டும் தொடர்ந்து நடத்தினார். 1975இல் தொடங்கிய வரிசையின் கடைசிப் பெயராக டட்லிகள் நிற்கிறார்கள்; ஆண்டர்சன்களைப் போலவே அவர்களும் பெயரளவில்தான் சகோதரர்கள்.